மகளிர் சீட்டு

மாடியில் நீச்சல் குளம். நாற்பதாயிரம் லிட்டர்.
குளம் இருந்தால் வெளிநாட்டுக்காரர்கள்
இரண்டு இரவு கூடுதலாகத் தங்குவார்களாம்.
வயிரவன் சொல்லும்போது தண்ணீர் நீலமாக இருந்தது.
எனக்கு அது நாற்பது டன்.

கானாடுகாத்தான் வீட்டின் இரண்டாம் கட்டில்
அந்த இரும்பு உத்தரம்.
எந்த ஊர் உலை, எந்த வருஷம்,
யாரிடமும் தாள் இல்லை.
புடைத்த ஐந்து எழுத்தில்
மூன்றைச் சுண்ணாம்பு மூடிவிட்டது.

ஓரத்தில் விரல் நீளம் அறுத்து வந்து
காரைக்குடியில், கல்லூரிக் கூடத்தில், இழுத்தோம்.
இயந்திரம் ஓட்டுகிற ஜெசிந்தா
முறிந்த முனையை வெளிச்சத்தில் திருப்பினாள்.
"கரும்பு மாதிரி நார் நாரா இருக்கு, பாரேன்."
இருநூற்றுப் பத்தில் இளகியிருந்தது.
அதில் மூன்றில் இரண்டு, நூற்று நாற்பது வரை, நம்பலாம்.
அதற்கு மேல் சிவப்பு என்று வைத்தேன்.

இரு முனையும் சுவரில் இறுகப் பதிந்தவை:
ஒரு சொடுக்குதான், கை பழகிய சொடுக்கு.
வலை பின்னி, சுமை ஏற்றி,
டீ ஆறுவதற்குள் விடை வந்துவிட்டது.
நூற்று முப்பத்தெட்டு.
வயிரவனுக்கு உடனே போன் செய்திருக்கலாம்.
ஞாயிற்றுக்கிழமை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அந்த எழுத்துகளைப் படம் எடுக்கத்தான் போனேன்.
ஏணியில் நின்றபடி, ஏன் என்று தெரியாமல்,
கையிலிருந்த பஸ் சீட்டை
உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவே நுழைத்தேன்.
போனது.
இரண்டாக மடித்தேன், போனது.
நாலாக மடித்தும்.
இறுக்கியிருந்த மர ஆப்பு எப்போதோ பொடியாகி
விரலில் மாவாக ஒட்டியது.

பிறகு மூன்று இரவு, செக்காலை ரோட்டு அறையில்.
முனையை இறுக்காமல், சும்மா சாய்த்து வைத்தால்
கணக்கு குவிய மறுத்தது.
தொடுகிறது என்று ஒரு சுற்று,
இல்லை விலகுகிறது என்று அடுத்தது,
தொடுகிறது, விலகுகிறது, பிழைச் செய்தி.
சுமையைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன்.
மூன்றாம் நாள், பால்காரர் வண்டி சத்தம் கேட்கும்போது,
குவிந்தது.
நம்பாமல் தாளில் கையாலும் போட்டேன்.
பன்னிரண்டால் வகுத்த இடத்தில் இப்போது எட்டு.
அவ்வளவுதான் வித்தியாசம்.
இருநூற்றேழு.
நடு உத்தரம் முழுக்கச் சிவப்பு.

"இருநூற்றுப் பத்துக்குள்ளதானே இருக்கு?"
வயிரவன் விஷயம் தெரிந்தவர்.
"மிச்சம் மூணு இருக்கே."
அந்த மூன்றின் மேல்தான்
கல்யாணக் கூட்டம் போட்டோவுக்கு நிற்கும் என்றேன்.
சிரித்தார். நல்ல மனிதர். காபி வரவழைத்தார்.
"படத்தை பேங்க்ல கேக்குறாங்க.
சிவப்பு ஆரம்பிக்கிற இடத்தை மட்டும்
கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?"

முடியும்.
ஒரே ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.
உத்தரம் அப்படியே இருக்கும், தகைவு அப்படியே இருக்கும்,
சிவப்பு மட்டும் போய்விடும்.
அவர் தருவதாகச் சொன்னது என் நாலு மாத உதவித்தொகை.
என் ஒப்பந்தம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது.
இதை எழுதிவிட வேண்டும்: நான் உடனே மறுக்கவில்லை.
காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அறிக்கை சிவப்போடுதான் போனது.
மதுரையில் யாரோ நீலமாகப் போட்டுத் தந்ததாகக் கேள்வி.
அது வதந்தியாக இருக்கட்டும்.

ஏப்ரலில் ஒரு நேர்காணல், ஓசூர் கம்பெனி,
திரையில் மூன்று முகம்.
"உங்கள் மாதிரியை எதை வைத்துச் சரிபார்த்தீர்கள்?"
பர்ஸைத் திறந்து சீட்டை எடுத்துக் காட்டினேன்.
மகளிர், கட்டணம் பூஜ்யம்,
நாலு மடிப்பிலும் துரு.
ஒருவர் சிரித்தார். ஒருவர் குனிந்து எதையோ குறித்தார்.
மூன்றாமவர், அதுவரை பேசாதவர்,
மைக்கைப் போட்டுக்கொண்டு கேட்டார்:
"அந்தச் சீட்டு எவ்வளவு தடிமன்?"

அளக்கவில்லை, என்றேன்.